மொத்தமாக அடிக்காதே, அம்மிணி

அம்மிணிக்கு,

கொள்ளுப் பொடியும் நெய்யும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். நெய் பாட்டிலின் மூடியில் டேப் சுற்றியிருக்கிறேன், இருந்தாலும் பார்த்துப் பிரி. கூரியரில் பொருளை எப்படித் தூக்கிப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியாததா.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வைகாசியில் வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். வெயில் பங்குனியிலேயே தாங்கவில்லை. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாப் போகுதும்மா" என்கிறாய், சரி, சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பையன்தான், பொங்கலுக்கு அப்புறம் அக்கா சட்டைக்குப் புதுப் படம் ஒன்றுகூடப் போடவில்லையே என்று கேட்டான். அவனுக்கு எந்நேரமும் போனில்தான் வேலை. அவன் காட்டினால் நானும் பார்ப்பேன், அவ்வளவுதான்.

நீ படம் வரைந்து சட்டையில் பிரிண்ட் அடித்து விற்கிறாயே, அதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மொத்தமாக அடிக்காதே. நாலு கலர் படம் என்றால் கலருக்கு ஒரு அச்சுச் சட்டமாக நாலு ஸ்கிரீன் போட வேண்டும். கறுப்புத் துணியாக இருந்தால் அடியில் வெள்ளைக்கு இன்னொன்று. ஐம்பது சட்டை அடித்தாலும் அதே ஸ்கிரீன் செலவு, ஐந்நூறு அடித்தாலும் அதே செலவு. அதனால்தான் பட்டறையில், இன்னும் நூறு சேர்த்துப் போடுங்கள், பீஸ் ரேட் குறையும் என்கிறார்கள். அது பொய்யில்லை, ஆனால் அது அவர்கள் மிஷின் ஓடுகிற கணக்கு. பீஸுக்கு எட்டு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, போகாத நூறு சட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தால் அது மிச்சமா? எம், எல் இரண்டும் முதலில் தீர்ந்துவிடும். எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் உன்னோடு குடித்தனம் நடத்தும். மிச்சச் சரக்கு விற்கிற நம் திருப்பூர்க் காதர்பேட்டையில் குவிந்து கிடக்கிற சட்டையெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஆசையாக ஆர்டர் கொடுத்த சரக்குதான்.

இப்போதுதான் ஃபிலிமில் அடித்து ஹீட் பிரஸ்ஸில் ஒட்டித் தருகிறார்களே, டிடிஎஃப் என்று. ஒரே ஒரு சட்டை வேண்டும் என்றாலும் அடித்துக் கொடுக்கிறார்கள். தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்று நீ முகம் சுளிப்பாய். எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் ஒரு படம் ஓடுமா ஓடாதா என்று பார்க்க அது போதும். ஓடினால் அப்புறம் ஸ்கிரீன் போட்டுக்கொள்.

அப்புறம் அந்தக் கேஷ் ஆன் டெலிவரி. வாசலில் வந்து நிற்கிறவனிடம் வேண்டாம் என்று சொல்ல வாங்குகிறவனுக்குக் காலணா செலவில்லை. போகிற கூலியும் திரும்பி வருகிற கூலியும் உன் தலையில். திரும்பி வந்த கவரைப் பிரித்து, அயர்ன் பண்ணி, மறுபடி புதுக் கவரில் போட வேண்டும். முன்பணம் கொஞ்சமாவது வாங்கு என்று தீபாவளிக்கு வந்தபோதே சொன்னேன். ஆர்டர் குறைந்துவிடும் என்றாய். குறையட்டுமே.

நீ வரைவதில் நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்தக் காங்கேயம் பசுவும் கன்றும் போட்ட சட்டைக்கு ஒருத்தர் சண்டைக்கு வந்தாரே, பசு சாம்பல் நிறம், கன்றை மட்டும் எப்படிச் செவலையாகப் போடலாம் என்று. காங்கேயம் கன்று செவலையாகத்தான் பிறக்கும், ஆறு மாதத்தில்தான் நிறம் மாறும் என்று நீ பதில் எழுதியதைப் பையன் எனக்குப் படித்துக் காட்டினான். அம்மிச்சி வீட்டுத் தொழுவத்தில் பார்த்தது உனக்கு மறக்கவில்லை. அன்றைக்குப் பூராவும் கம்பெனியில் அதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கறுப்பில் இருக்கிற மினி பஸ் படமும் நல்ல படம். ஆனால் நல்ல படம் என்பது வேறு, சட்டை விற்பது வேறு. கையில் இருந்த வேலையை விடும்போது இதைச் சொன்னேன், அப்போது நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சரி, பழைய பேச்சு எதற்கு.

யாரோ உன் படத்தை எடுத்து அடித்து, பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதில் மனசு விட்டுவிட்டாயோ என்னவோ. 2020 செப்டம்பரில் 'இந்தி தெரியாது போடா' சட்டை வந்தபோது நம் ஊரில் பார்க்காததா? நடிகர்கள் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார்கள், உடனே தெருவுக்குத் தெரு அதை அடித்தார்கள். அந்த எழுத்தை முதலில் போட்டது யார் என்று எவனாவது கேட்டானா? கொஞ்ச நாளில் அந்த வேகமும் அடங்கிவிட்டது. இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான் என்றால் நீ அடுத்ததை வரை. அடுத்ததையும் மொத்தமாக அடிக்காதே.

போன வாரம் வேறு வேலையாகப் பிரிண்டிங் பட்டறைப் பக்கம் போனேன். பட்டறைக்கார மாமா உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். உன் மினி பஸ் சட்டை பண்டல் பண்டலாக மூலையில் இருந்தது. மாசியில் அடித்தது என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகுமா? மேல் பண்டலைப் பிரித்து டேபிளில் போட்டேன்.

துணி நல்ல துணி, 180 ஜிஎஸ்எம் கனம், பிசிர் போக பயோ வாஷ் கொடுத்தது, கையில் வழுக்குகிறது. கழுத்து ரிப்பை இழுத்து விட்டேன், பழையபடி சேர்ந்துகொண்டது. அடி மடிப்பில் தையல் எங்கும் விடவில்லை. பிரிண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சூடு சரியாக ஏறாத பிரிண்ட் அந்த இழுப்பிலேயே வெடிக்கும், இது வெடிக்கவில்லை. பஸ்ஸின் பின்னால் தொங்குகிற பையனுடைய டிபன் கேரியர் வரைக்கும் கலர் நகராமல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எல் சைஸ் பண்டலில் ஷேடு மாறியிருக்கிறது. உடம்பு ஒரு கறுப்பு, கை இன்னொரு கறுப்பு. டியூப் லைட்டில் தெரியாது, வாசலில் வெயிலுக்குப் பிடித்தால் நன்றாகத் தெரியும். இரண்டு ரோல் துணியைக் கலந்து வெட்டியிருக்கிறார்கள்.

இதனால்தான் நீ எடுக்காமல் விட்டாய் என்றால் நல்லது. அது நியாயமான சண்டை, நானே பேசிக்கொள்கிறேன். வேறு காரணம் என்றாலும் அதை நான் இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்தபோது நீ ஆறாவது படித்தாய். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி உன் அப்பா தினமும் காலையில் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று உனக்கும் தெரியும். பை சாயங்காலம் காலியாக வந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் போயிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். உன் மூக்கு அவர் மூக்கு, எழுத்து அவர் எழுத்து. அதோடு நிறுத்திக்கொள் கண்ணு.

நல்ல பீஸையெல்லாம் பிசிர் வெட்டி, சைஸ் வாரியாக வெள்ளைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன். ஷேடு மாறியது சிவப்புக் கயிறு கட்டின மூட்டையில் இருக்கிறது. ஆசைப்பட்டு அதை யாருக்கும் அனுப்பிவிடாதே, ஒரு சட்டையால் பத்து ஆள் போய்விடும். அதைப் பில்லில் கழிக்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன், தலையாட்டியிருக்கிறார். மீதி பாக்கி எவ்வளவு என்று அவரிடம் விசாரிக்கவில்லை. நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது, வளைகாப்புச் சீருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வெள்ளைச் சாக்கை லாரியில் பெங்களூருக்குப் போடச் சொல்லட்டுமா, இங்கேயே நம் வீட்டில் இறக்கட்டுமா என்று மட்டும் மெசேஜ் போடு. வீட்டில் என்றால் உன் ரூமில் தையல் மிஷினை நகர்த்த வேண்டும், அதற்கு ஆள் சொல்ல வேண்டும். ஆர்டர் வர வர நானே இங்கிருந்து கவர் போட்டு அனுப்புவேன், அட்ரஸ் ஒட்டப் பையன் இருக்கிறான்.

அம்மா