திரைவாசிப்பானுக்கு எட்டாத இணையதளம்: கட்டணமின்றித் திருத்தித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
செட்டிநாட்டு வீடுகள் பற்றிய தனி இணையதளத்தின் உரிமையாளர்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தளத்தை வடிவமைத்த நிறுவனம்.

பொருள்: பார்வையற்றோரும் முதியோரும் பயன்படுத்த முடியாத நிலையில் தளத்தை ஒப்படைத்தது குறித்து.

ஐயா,

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் பன்னாட்டு நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.1இன் ஏஏ நிலைக்கு ஏற்பத் தளம் அமைத்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறீர்கள். பணம் முழுவதும் பெற்றுக்கொண்டீர்கள். கணினியில் என்விடிஏ, கைபேசியில் டாக்பேக் என, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் இரண்டு திரைவாசிப்பான்களிலும் தளத்தை ஓட்டிப் பார்த்ததில் ஒரு பக்கம்கூட அந்த நிலையை எட்டவில்லை. இதைத் தெரிவித்தபோது, ஆண்டுச் சந்தாவில் 'விட்ஜெட்' என்ற ஒரு துணைக்கருவியை வாங்கிப் பொருத்திக்கொள்ளுமாறு பதில் எழுதினீர்கள். அந்தப் பதிலை ஏற்க முடியாது.

குறைகளில் பெரியது எழுத்துரு. வீடுகளின் வரலாறு சொல்லும் 14 பக்கங்களை அச்சகக் கோப்பிலிருந்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தபடியே ஒட்டி, அந்த எழுத்துருவையும் தளத்தோடு இணைத்துவிட்டீர்கள். கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்ற சொல்லுக்கு அங்கே சேமிக்கப்பட்டிருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். தேடுபொறிக்கும் அது தமிழாகத் தெரியாது. எழுத்துரு இறங்கத் தாமதமானால் கண் தெரிந்தவருக்கும் அந்தக் கலவைதான் மிஞ்சும். 14 பக்கங்களையும் ஒருங்குறிக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு, மாற்ற வேண்டும்.

மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தால் மட்டும் வேலை முடியாது. கோயில்கள் பக்கத்தை நீங்கள் ஏற்கெனவே மாற்றியிருக்கிறீர்கள். அதில் திருக்கோஷ்டியூர் சௌமியநாராயணப் பெருமாள் பெயரில் 'சௌ' வருமிடத்தில் ஒற்றைக்கொம்பும் 'ள' என்ற தனி எழுத்துமாக விழுந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குரலோ 'செளமிய' என்று ளகரத்தை அழுத்திச் சொல்கிறது. சரியாகத் தட்டச்சு செய்து தேடினாலும் பெயர் கிடைக்காது. பழைய முறையில் கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டுவார்கள், ஒருங்குறியில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட வேண்டும். இந்த வரிசையைக் கவனிக்காமல் மாற்றியதால் சில சொற்களில் கொம்பு தனியே பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்கிறது. மாற்றியபின் தமிழ் அறிந்த ஒருவர் வரிவரியாகக் காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது மொழிக் குறிப்பு. எல்லாப் பக்கங்களிலும் ஹெச்டிஎம்எல் நிரலின் தொடக்கத்தில், பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லாங்' மதிப்பு ஆங்கிலத்தைக் குறிக்கும் 'இஎன்' என்று இருக்கிறது. அதனால் ஒழுங்கான ஒருங்குறித் தமிழும் ஆங்கிலக் குரலுக்குப் போய்ச் சிதைகிறது. தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்று மாற்றுவது ஒரு வரி வேலை. இதைக்கூடப் பார்க்காமல் ஒப்படைத்தது வருத்தமளிக்கிறது.

படங்களுக்கு வருகிறேன். 68 படங்களில் 51க்கு, படத்தில் என்ன இருக்கிறது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மாற்றுரையே இல்லை. கேமரா கொடுத்த கோப்புப் பெயரை எண் எண்ணாகக் கேட்க வேண்டியிருக்கிறது. மீதி 17லும் 'டைல்ஸ்' என்ற ஒரே சொல். ஆத்தங்குடித் தரைக்கல்லைக் காட்டும் பக்கத்தில் வடிவமும் நிறமும்தானே செய்தி? 'செங்காவித் தளத்தில் எட்டு இதழ்ப் பூ, நடுவில் மஞ்சள், இதழ்கள் பச்சை. நான்கு கற்கள் சேர்ந்தால் ஒரு பூ' என்பதுபோல ஓரிரு வரி போதும். ஓரத்து அலங்காரக் கோடுகளுக்கு மாற்றுரை வெறுமையாக இருக்கட்டும்; ஆனால் மாற்றுரைக்கான 'ஆல்ட்' பண்பையே விட்டுவிடக் கூடாது.

பலகாரப் பக்கம் இன்னும் மோசம். செய்முறை முழுவதையும் படமாக மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் ஆழாக்குப் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து. அந்த அளவில்தான் பக்குவமே இருக்கிறது. கேட்பவருக்குக் கிடைப்பதோ 'பணியாரம்' என்ற ஒரு சொல். செய்முறை எழுத்தாகவே வர வேண்டும்.

பக்கங்களுக்குப் போகும் இணைப்புப் பட்டியலின் வரிசையும் குழம்பியிருக்கிறது. திரையில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வீட்டுக்குள் நடக்கும் முறையில் நிற்கிறது. டேப் விசையை அழுத்தினால் முகப்பிலிருந்து நேரே அடுப்படிக்குப் போய், பிறகு வளவுக்குத் திரும்புகிறது. நிரலில் ஒரு வரிசை, தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் வேறு வரிசை வைத்ததே காரணம். எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் கட்டத்தையும் 'அவுட்லைன் நன்' போட்டு அழித்துவிட்டீர்கள். 'அனுப்பு' பொத்தான் உண்மையான பொத்தானே அல்ல, வெறும் 'டிவ்' என்ற பெட்டி. விசைப்பலகையால் அதைத் தொடவே முடியாது. படிவத்தில் பெயர், ஊர், கைபேசி எண் ஆகியவற்றுக்கு, எந்தக் கட்டம் எதற்கு என்று சொல்லும் 'லேபிள்' கிடையாது. கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பும் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைகிறது.

வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் எழுத்தின் நிறவேறுபாடு 2.85க்கு 1. வேண்டியது 4.5க்கு 1. 767676 என்று கருக்கினாலே 4.54 கிடைக்கும். கைபேசியில் விரலால் பெரிதாக்க முடியாதபடி 'யூசர் ஸ்கேலபிள் நோ' என்று பூட்டியிருப்பதையும் நீக்குங்கள். கண்புரை உள்ள ஆச்சிகளும் ஐயாக்களும் படிக்க வேண்டிய தளம் இது.

நீங்கள் சொல்லும் விட்ஜெட், பக்கத்தின்மேல் ஓடும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட். பாமினியை அது தமிழாக்காது, கல்லில் என்ன பூ என்று அதற்குத் தெரியாது. திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு இன்னொரு குரல் குறுக்கே பேசுவது இடைஞ்சல்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. இதை ஒரு தனிவசதியாக விலை பேசுவது முறையல்ல.

மேலே சொன்ன திருத்தங்களை 30 நாட்களுக்குள், கூடுதல் கட்டணமின்றி, மூல நிரலிலேயே செய்து தாருங்கள். எழுத்துரு, மொழிக் குறிப்பு இரண்டையும் முதல் வாரத்திலேயே முடிக்கக் கோருகிறேன். ஒப்படைக்கும் முன் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரைக் கொண்டு சோதித்து, அவர் எங்கே தடுக்கினார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். தவறினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ஒப்பந்த நகலும் பக்கவாரியான பிழைக் குறிப்பும் ஒலிப்பதிவுகளும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தள உரிமையாளர்,
காரைக்குடி.