கூபாவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி

போலந்துக் கால்பந்து வீரர் யாக்குப் பிளாஷ்சிகோவ்ஸ்கியின் முழுப்பெயர் நாக்கில் சுலபமாக வராது. அதனால் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் சட்டை முதுகிலேயே 'கூபா' என்று போட்டுக்கொண்டார். போலந்துக்காக 109 ஆட்டங்கள், 21 கோல்கள். அந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கால்பந்தை நேசிக்கும் நாங்கள் எழுதும் மடல் இது.

முதல் நன்றி பாட்டிக்கு. 1996-ல், பத்து வயதில், வீட்டில் நடந்த கொடுமையில் கண்ணெதிரே தாயைப் பறிகொடுத்த பிள்ளையை, அண்ணனோடு சேர்த்து த்ருஸ்கோலாசி கிராமத்தில் வளர்த்து ஆளாக்கினீர்கள். வேறென்ன சொல்ல, அம்மா.

அடுத்து தாய்மாமன் யெஷி பிஷென்செக் அவர்களுக்கு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற போலந்து அணியின் கேப்டன் நீங்கள். பந்தே வேண்டாம் என்று ஒதுங்கிய மருமகனைத் திரும்ப மைதானத்துக்கு அழைத்து வந்தீர்கள். 2005 தொடக்கத்தில், செஸ்டொஹோவாவில் நாலாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த பையனை, போலந்தின் முதல் டிவிஷன் கிளப்பான விஸ்வா கிராக்கூஃப் பார்க்க வேண்டும் என்று சொன்னவரும் நீங்கள்தான். நாலாம் டிவிஷன் பையன் என்று தள்ளிவிடாமல் ஆடிக் காட்ட வாய்ப்பு கொடுத்த விஸ்வா பயிற்சியாளர்களுக்கும் வணக்கம். அந்த சீசனிலேயே அணி லீக் பட்டம் வென்றது.

2007-ல் டார்ட்மண்ட். அங்கே நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர் வூகாஷ் பிஷ்செக். முன்கள ஆட்டக்காரராக இருந்து வலது பேக்காக, அதாவது வலது ஓரத் தடுப்பாட்டக்காரராக மாறியவர் நீங்கள். அதனால்தான் அந்த ஓட்டம் உங்களுக்குக் கைவந்தது. கூபா பந்தோடு வலது ஓரக்கோட்டிலிருந்து ஏழெட்டு மீட்டர் உள்ளே வருவார். எதிரணி இடது பேக் கூடவே வந்துவிட்டால், காலியான கோட்டோரத்தில் நீங்கள் பாய்வீர்கள். வராமல் கோட்டிலேயே நின்றால், கூபாவுக்கு இடது காலால் அடிக்க இடம் கிடைக்கும். எதைத் தடுத்தாலும் இன்னொன்று திறக்கும். இதில் ஆபத்தும் உண்டு: நீங்கள் மேலே போன நேரத்தில் பந்து பறிபோனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் முப்பது மீட்டர் வெறும் புல். அந்த இடத்தை அடைக்க ஓடிய நடுக்கள வீரர்களை யாரும் பாராட்டுவதில்லை, அவர்களுக்கும் நன்றி. 2011, 2012 ஜெர்மன் லீக் பட்டங்கள் இப்படித்தான் வந்தன. 2012 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) போட்டியில் வார்சாவில் ரஷ்யாவுக்கு எதிராக, வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் தூர மூலைக்கு அடித்தாரே, அந்தக் கோலும் அதே அசைவுதான்.

2014 ஜனவரியில் ஆக்ஸ்பர்க் ஆட்டத்தில் கூபாவின் வலது முழங்காலை உறுதியாகப் பிடித்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்தது. இந்த இடத்தில் மருத்துவர்களுக்கும் பிசியோக்களுக்கும் தலைவணங்குகிறோம். அறுவை சிகிச்சையில் பொருத்திய புதுத்தசைநார் முதல் நாளைவிட இரண்டாம் மாதத்தில்தான் பலவீனமாக இருக்கும். ரத்தக்குழாய்கள் அதற்குள் புதிதாக வளர வேண்டும். வலி போய்விடுவதால் ஆட்டக்காரர் அவசரப்படுவது அந்த நேரத்தில்தான். தொடைத்தசையோ சில வாரங்களிலேயே வற்றிவிடும். ஒற்றைக் காலில் தாவும் தூரம் நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வரும்வரை, ஒன்பது மாதம் ஆகும்வரை பொறுக்கச் சொல்வது வழக்கம். கூபாவைப் போல ஓரத்தில் ஓடி, திடீரென்று நின்று திரும்பும் விங்கருக்கு இது இன்னும் முக்கியம். அந்தக் காயத்திலிருந்து மீண்ட கூபா 2016 யூரோவில் உக்ரைனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எதிராகக் கோல் அடித்தார். கால் இறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக அவர் அடித்த, போலந்தின் நான்காவது பெனால்டி தடுக்கப்பட்டபோது அவரை அணைத்துக்கொண்ட சக வீரர்களே, உங்களை மறக்கவில்லை.

கடைசியாக, விஸ்வாவைக் காப்பாற்றியவர்களுக்கு. 2019 ஜனவரியில் லீக்கில் ஆடும் உரிமம் நிறுத்தப்பட்டிருந்தது, ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. பாக்கி தீராவிட்டால் ஒவ்வொருவராக ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் உரிமம் திரும்ப வந்தாலும் ஆட ஆள் இருக்காது. யாரொஸ்வாஃப் க்ருலெவ்ஸ்கி, தோமாஷ் யஷ்ஜின்ஸ்கி, கூபா என மூவரும் சேர்ந்து 40 லட்சம் ஸ்வோட்டி (போலந்து நாணயம்) கடன் கொடுத்தீர்கள். வோல்ஃப்ஸ்பர்க்கை விட்டு வந்த கூபா மாதம் 500 ஸ்வோட்டிக்கு ஆடினார். அந்தப் பணமும் காப்பகக் குழந்தைகளின் டிக்கெட்டுக்குப் போனது. பிறகு 100 ஸ்வோட்டிக்கு ஒரு பங்கு என்று அறிவித்தபோது, ஒரே நாளில் இன்னொரு 40 லட்சத்தைச் சேர்த்துக் கொடுத்த ரசிகர்களே, உங்கள் ஒவ்வொருவர் பெயரும் இந்த மடலில் இருக்க வேண்டியது.

2023 ஜூன் 16, வார்சா, ஜெர்மனிக்கு எதிராகக் கூபா போலந்துக்கு ஆடிய கடைசி ஆட்டம். 16-ஆம் எண் சட்டைக்காரர் 16-ஆவது நிமிடத்தில் வெளியேறியபோது வரிசையாக நின்று கைதட்டிய எல்லாருக்கும் எங்கள் அன்பு.