கணுக்கால் முறிவு: ‘நடந்து பழகுங்கள்’ என்றால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணுக்கால் எலும்பு முறிவு பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, தகடு, திருகு, மாவுக்கட்டு எல்லாவற்றையும் நன்றாக விளக்கியது. கட்டைப் பிரித்த பிறகு என்ன செய்வது என்பதற்கு மட்டும் ‘மெல்ல நடந்து பழகுங்கள்’ என்று ஒரே வரி. நோயாளிகள் திணறுவது அந்த இடத்தில்தான் என்பதால், இயன்முறை மருத்துவர்களாகிய நாங்கள் இதை எழுதுகிறோம்.

ஆறு வாரம் அசையாமல் இருந்த கணுக்காலில் பெரிதும் குறைந்துபோவது, பாதத்தை மேல்நோக்கி மடக்கும் அசைவு. படி இறங்கவும் குந்தி உட்காரவும் அது வேண்டும். அது இல்லாதவர் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, குதிகாலைச் சீக்கிரமே தூக்கிவிடுவார். இப்படியே எவ்வளவு தூரம் நடந்தாலும் மூட்டு இளகாது, நொண்டல்தான் பழகும்.

இந்த அசைவை வீட்டிலேயே அளக்கலாம். காலில் முழு எடை போடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். தொட முடிகிற கடைசி இடத்தில், கால் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, நல்ல காலோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 செ.மீ.க்குள் வரும்வரை பயிற்சியை விட வேண்டாம். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். உட்பக்கம் சாய்ந்து பாதத்தின் வளைவு சரிந்தால் அளவு கூடியதுபோலத் தெரியும், ஆனால் அது பொய்க்கணக்கு.

அதே நிலையில் 30 விநாடி நிற்பதுதான் பயிற்சி. ஒரு வேளைக்கு நான்கைந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. முழு எடை போட அனுமதி இல்லாதவர்கள், உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தில் துண்டைச் சுற்றித் தம் பக்கம் இழுக்கலாம். முழங்காலை நீட்டியும் மடக்கியும் இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். கெண்டைக்காலின் மேல் தசை முழங்காலைத் தாண்டிப் போகிறது, உள் தசை தாண்டுவதில்லை. ஒரு நிலையில் மட்டும் செய்தால் இரண்டும் சரிவர இளகாது. இழுவை பின்பக்கம் தெரிந்தால் சரி. கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுவதுபோல வலித்தால் அழுத்த வேண்டாம், சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

‘கால் பங்கு எடை போடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் யாருக்குப் புரியும்? எடை பார்க்கும் மிஷின்மேல் பாதத்தை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு முள் 15இல் நிற்க வேண்டும். ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறும்போது அதை நல்ல கால் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அடிபட்ட கால் பக்கமே பிடிக்கிறார்கள்.

அடுத்தது பலம். ரப்பர் பட்டையை நான்கு திசையிலும் இழுப்பது ஆரம்பத்துக்கு நல்லது, மாதக்கணக்கில் அதிலேயே நிற்பது வீண். கெண்டைக்கால் தேற உடல் எடையைத் தூக்கியாக வேண்டும். முதலில் உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்குங்கள். பிறகு நின்று இரு காலாலும். அதன் பின் இரு காலால் எழும்பி, அடிபட்ட காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள். கடைசியில் ஒற்றைக் காலால். ஒவ்வொரு கட்டத்திலும் 10 முதல் 15 வீதம் மூன்று சுற்று. நல்ல காலால் எத்தனை முறை, எவ்வளவு உயரம் எழும்ப முடிகிறதோ அதுவே இலக்கு. இதோடு, சுவரோரமாக ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கவும் பழக வேண்டும்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் அது அடங்காமலோ வீக்கம் கூடியோ இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். மாலையில் மட்டும் வீங்குவது மாதக்கணக்கில் நீடிக்கலாம். நெஞ்சு மட்டத்துக்கு மேல் காலை உயர்த்தி, பாதத்தை 20 முறை மேலும் கீழும் அசைத்தால் வடியும்.

இதற்கெல்லாம் தினமும் சிகிச்சை மையத்துக்கு அலைய வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் 214 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பார்வையோடு நடந்த பயிற்சித் திட்டம், இயன்முறை மருத்துவர் ஒரே அமர்வில் தந்த அறிவுரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. எங்கள் தொழிலுக்கு இது உவப்பான முடிவல்ல! ஆனால் அங்கே அந்த ஒரு அமர்வு முறையாகக் கிடைத்தது, ஒற்றை வரியோடு யாரையும் அனுப்பிவிடவில்லை.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மேலே சொன்ன வலிக்கணக்கு பொருந்தாது. எடை போடுவதையும் அவர்களுக்குத் தாமதமாகவே தொடங்குவார்கள், மருத்துவர் சொல்லும் நாளுக்கு முன் எதையும் செய்யக் கூடாது. யாராக இருந்தாலும், கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு. தொட்டாலே எரிச்சல், தோல் நிறமாற்றம், அளவுமீறிய வியர்வை ஆகியவை தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்