ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய போட்டோவுக்கு வாட்சப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத வரவில்லை. உங்கம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள், “எம்மக அமெரிக்காவுல தன் காருக்குத் தானே ஆயில் மாத்துறா” என்று. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலையை மழுங்கடிக்கிறவர்கள்தான் நிறையப் பேர். நீ 14 ரிங் ஸ்பேனரை எடுத்திருக்கிறாய். அது சரி.

ஆனால் நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தது ஸ்பேனருக்காக இல்லை. கார் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தேன். டிக்கியில் காரோடு வரும் அந்தக் கத்தரி ஜாக்கி. பக்கத்தில் ஆதரவுக்கு ஒரு ஹாலோ பிளாக். தோள் வரைக்கும் நீ அடியில்.

தாயி, ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்ட். அந்தக் கத்தரி ஜாக்கி நடுரோட்டில் ஸ்டெப்னி மாற்றக் கொடுத்தது. அதன் அடித்தகடு உள்ளங்கை அகலம்தான். நேராக இறங்கும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் சாய்ந்துவிடும். ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக் இறுகிப்போனால் அதைக் கழற்ற நீ தம் பிடித்து இழுக்கிறாயே, அதுவே பக்கவாட்டுத் தள்ளுதான். ஹாலோ பிளாக் சுவருக்கு ஆனது. பாரம் பரவி இறங்கினால் தாங்கும், இரும்பு ஒரே இடத்தில் அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மரக்கட்டையாவது விரிசல் விடும்போது சத்தம் கொடுக்கும்.

டயர்தான் மாட்டியிருக்கிறதே, விழுந்தாலும் டயர் மேல்தானே விழும் என்று நினைக்காதே. உன் டொயோட்டா கரோலாவின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. உன் நெஞ்சுக்கூடு அதற்குள் அடங்காது.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். போன வருஷம் நியூஜெர்சிக்கு, எடிசனுக்கு வந்திருந்தபோதே பார்த்தேன், உன் வீட்டு முன்னால் தார்த் தரை, ரோட்டைப் பார்த்துச் சரிவு. வெயிலில் தார் இளகும், ஸ்டாண்டின் கால் அமுங்கும். ஒரு கால் அரை அங்குலம் இறங்கினாலே பாரம் ஒரு பக்கமாகப் போய்விடும். அமுங்காமல் இருக்க அடியில் முக்கால் அங்குலப் பிளைவுட் போடலாம், சரிவுக்கு வைத்தியம் கிடையாது. கராஜுக்குள் கான்கிரீட் தரை. போட்டோவில் பின்னால் கதவு திறந்திருக்கிறது, மாப்பிள்ளை கார் நிற்கும் பக்கம் காலியாகத் தெரிகிறது. சுவரில் தொங்கும் அவர் சைக்கிளையும் காணோம். இடம் இருக்கிறதே, உள்ளே கொண்டுபோய் நிறுத்து என்பதற்காகச் சொல்கிறேன். மட்டம் பார்க்க சின்னவனின் கோலி ஒன்றைத் தரையில் வை. ஓடினால் அந்த இடம் வேண்டாம்.

கியரை ‘பி’யில், அதாவது பார்க்கிங்கில்தானே போட்டிருந்தேன் என்பாய். உன் காரில் இஞ்சின் சக்தி முன்சக்கரத்துக்குத்தான் போகிறது. ‘பி’ பூட்டுவதும் அந்த இரண்டு சக்கரத்தைத்தான். முன்பக்கத்தைத் தூக்கிய நிமிஷமே அந்தப் பூட்டு அந்தரத்தில் தொங்குகிறது. பிறகு காரை நகராமல் பிடிப்பது பின்சக்கரத்தில் இருக்கும் ஹேண்ட் பிரேக்கும், நீ வைக்கும் கட்டையும் மட்டும்தான். இரண்டு பின்சக்கரத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மொத்தம் நாலு கட்டை. செங்கல் வைக்காதே, வழுக்கும். ஆப்பு வடிவத்தில் ரப்பரில் விற்கிறது, அதை வாங்கு. கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதே.

உருளை வைத்த 2 டன் டிராலி ஜாக்கி உன் காருக்குத் தாராளம். காரே ஏறக்குறைய 1,300 கிலோதான். ஆனால் தாழ்ந்த காருக்கென்று வரும் ஜாக்கியாகப் பார், இல்லாவிட்டால் பம்பருக்கு அடியில் நுழையாது. காரோடு வந்த புத்தகத்தில் ஜாக் பாயிண்டுகளைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், முதலில் அதைத் திற. முன்பக்கம் நடுவில், இஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் தூக்கு. ஆயில் சேம்பரிலோ கியர் பாக்ஸ் சேம்பரிலோ ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகட்டிலோ வைத்தால் நசுங்கிவிடும். நடுவில் தூக்கினால்தான் ஸ்டாண்ட் வைக்க இரண்டு பக்கமும் காலியாகக் கிடைக்கும். பக்கத்தில் தூக்கினால் ஜாக்கி நிற்கும் இடமும் ஸ்டாண்ட் நிற்க வேண்டிய இடமும் ஒன்றாகிவிடும், அங்கேதான் எல்லாரும் தகட்டில் எங்காவது ஸ்டாண்டைச் சொருகுகிறார்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. கார் நேராக மேலே போகாது, பின்சக்கரத்தை மையமாக வைத்து வளைந்து ஏறும். அதற்கு ஏற்ப ஜாக்கி தன் உருளையில் கொஞ்சம் நகர வேண்டும். உருளை தரை வெடிப்பில் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நகராது, அதன் தலை காரிலிருந்து வழுக்கும். ஜாக்கிக் கைப்பிடியை நாலு தடவை அடித்ததும் உருளை நகர்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அடி. அதனால் ஜாக்கிக்கு அடியில் கந்தலோ பலகையோ போடாதே.

ஸ்டாண்டை முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் வை. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டு தெரியும், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கெட்டித் தகடு. விளிம்பு உட்காரப் பள்ளம் போட்ட ரப்பரை ஸ்டாண்டின் தலையில் வை. ஸ்டாண்டின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பல் வெட்டியிருக்கும், இரண்டு ஸ்டாண்டும் ஒரே பல்லில் நிற்கட்டும். வேலைக்குத் தேவையான உயரத்துக்கு மேல் ஒரு பல்கூட வேண்டாம். 3 டன் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஜோடிக்கு, ஒன்றுக்கு அல்ல. பழைய ஸ்டாண்டை யார் வீட்டிலிருந்தும் இரவல் வாங்காதே. 2020-ல் உங்கள் ஊரில் ஹார்பர் ஃபிரைட் என்ற கடை விற்ற பிட்ஸ்பர்க் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை சுமார் 17 லட்சம் திரும்பப் பெற்றார்கள். பல்லில் கொக்கி முழுசாக மாட்டாமல் பாரம் அசைந்தால் சடாரென்று இறங்கிவிடும் குறை. மாற்றாகக் கொடுத்த 3 டன்னிலும் சிலவற்றில் வெல்டிங் சரியில்லை என்று மறுபடி அழைத்தார்கள். குறுக்கே ஒரு பின் சொருகிப் பூட்டும் மாதிரி கிடைக்கிறது. பத்து டாலர் கூடினாலும் அதை வாங்கு.

ஜாக்கியை மெதுவாக இறக்கி, பாரம் முழுவதும் ஸ்டாண்டுக்கு வந்த பிறகு இடுப்பால் காரை நாலு தள்ளு தள்ளு. பயப்படாமல் தள்ளு. விழுவதானால் நீ வெளியே நிற்கும்போதே விழட்டும். பிறகு ஜாக்கியை எடுத்துவிடாதே, குறுக்குச் சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கூடுதல் துணைக்கு விட்டுவை. அதற்கு அப்புறம்தான் தலை உள்ளே போகலாம்.

ராம்ப் என்று ஒன்று விற்கிறதே, முன்சக்கரம் இரண்டையும் ஏற்றி நிறுத்துவது. ஆயில் மாற்ற மட்டும் என்றால் அதுதான் எனக்குப் பிடித்தது, கார் தன் டயரிலேயே நிற்கிறது. வழுவழுப்பான கராஜ் தரையில் ராம்ப் முன்னால் சறுக்கும், அடியில் ரப்பர் பாய் போடணும். ஏறும்போது எங்கே நிறுத்துவது என்று உள்ளிருந்து தெரியாது, ஒரு இஞ்சு கூடினால் முன்பக்கமாக இறங்கிவிடும். வெளியே ஒரு ஆள் நின்று கை காட்டணும். ஆள் இருந்தால் ராம்ப், இல்லாவிட்டால் ஸ்டாண்ட். யார் இருக்கிறார்கள் என்பது உனக்குத்தான் தெரியும்.

அந்தப் போட்டோ தரை மட்டத்திலிருந்து, கொஞ்சம் கோணலாக எடுத்திருக்கிறது. போனை எதன் மேலோ சாய்த்து வைத்து நீயே எடுத்தது போல. சின்னவன் தூங்கும் நேரமாகப் பார்த்து அடியில் போகிறாய் என்று நினைக்கிறேன். அப்படியானால் கூப்பிட்டால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. கார் அடியில் போகும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கணும். நான் வேறு எதையும் கேட்கவில்லை. மூன்று ஞாயிறாக நீ போன் பண்ணவில்லை, அதையும் கேட்கவில்லை.

கல்லை அண்டை கொடுக்க எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். நம் பட்டறையில் ஸ்டாண்ட் இருந்தது. அலமாரிக்குப் பின்னால் கிடந்ததை எடுக்கச் சோம்பல்பட்டு, கல் எடுத்து வரச் சொல்லி உன்னைத்தான் விரட்டுவேன். எட்டு வயது உனக்கு. அந்த அம்பாசடருக்கு ஜாக்கி மட்டும்தான், கல்கூட வைக்கவில்லை. சீல் கசிந்து ஜாக்கி இறங்கியபோது நான் உருண்டு வெளியே வந்துவிட்டேன், நீ டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடினாய். டார்ச்சை உடைத்ததற்கு உன்னை அடித்தேன். இறங்கியது என் ஜாக்கி, அடி வாங்கியது நீ. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றும் மிரட்டினேன். நீ இன்றுவரை சொல்லவில்லை. உங்கம்மாவுக்கு நேற்று ராத்திரி நானே சொன்னேன். அவள் என்னோடு பேசவில்லை, பேசாமல் இருக்கட்டும். பயந்த விஷயத்தை வீட்டில் சொல்லாதே என்று உனக்குப் பழக்கியது நான். இப்போது சொல்கிறேன், சொல்லலாம். காரைப் பற்றித்தான் என்றில்லை.

மிச்சம் சுலபம். இஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிடு, கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதித்தால் கை வெந்துபோகும். பிளக் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. பிளக்கை 37 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காதே, சேம்பர் மரை போய்விடும். ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி மாட்டு. 0டபிள்யூ-20 ஆயில், ஃபில்டரோடு 4.2 லிட்டர், உங்கள் கணக்கில் 4.4 குவார்ட். 5 குவார்ட் டப்பாவை முழுசாகக் கவிழ்த்துவிடாதே. அளவுக் கம்பியைக் காரைக் கீழே இறக்கி, மட்டத்தில் நிறுத்திய பிறகு பார். பழைய ஆயிலை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்தால் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

கட்டை நாலு. ஸ்டாண்ட் இரண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்.

அடுத்த தடவை செய்யும்போது வீடியோவில் கூப்பிடு, எல்லாம் சரியாக வைத்திருக்கிறாயா என்று பார்த்துச் சொல்கிறேன். ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் காரைத் தூக்க முடியாது, அதனால் பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாவிடமும் சொல்லி வை. உனக்கு ஞாயிறு காலை 8 மணி என்றால் இங்கே சாயங்காலம் 5.30, உங்கள் குளிர்காலத்தில் 6.30. போனைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பேன். கார் வேலை இல்லாத ஞாயிறும் கூப்பிடலாம்.

அப்பா