முதலில் இயற்கைத் தேர்வை அணைத்துவிட்டு நிரலை ஓட்டு

அன்புள்ள நிலா,

ஒரு கூட்டத்தில் ஒரு அல்லீலின் (மரபணுவின் ஒரு வடிவத்தின்) விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகிறது என்று பார்க்க நீ எழுதி அனுப்பிய நிரலையும் வரைபடத்தையும் பார்த்தேன். கோடு அழகாக ஏறுகிறது. ஆனால் அது ஒரே ஒரு ஓட்டம். இயற்கைத் தேர்வே இல்லாத இடத்திலும் இப்படி ஏறும் கோடுகள் ஏராளமாக வரும். அதனால் முதலில் தேர்வுக் கெழுவை, அதாவது அல்லீலுக்குத் தேர்வு தரும் அனுகூலத்தின் அளவை, பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டு, கண்ணு. அப்போது என்ன விடை வரவேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

அல்லீல் விகிதம் தற்செயலாக மாறுவதைக் கணக்கிடும் ரைட்–ஃபிஷர் மாதிரியில் ஒரு தலைமுறை என்பது ஒரு குலுக்கல்தான். 100 உயிரிகள் என்றால், ஆளுக்கு இரண்டாக 200 மரபணுப் பிரதிகள். அல்லீலின் விகிதம் இப்போது 0.2 என்றால், 0.2 நிகழ்தகவோடு 200 முறை எடு. விழுந்த எண்ணிக்கையை 200-ஆல் வகுத்தால் அடுத்த தலைமுறையின் விகிதம். இப்படி 1000 ஓட்டம், ஒவ்வொன்றும் 0 அல்லது 1-ஐத் தொடும்வரை. தேர்வு இல்லாதபோது அல்லீல் முழுக்கப் பரவும் நிகழ்தகவு அதன் தொடக்க விகிதமேதான். ஆக, சுமார் 200 ஓட்டங்கள் 1-இல் முடியவேண்டும். திட்ட விலக்கம் 13-க்குச் சற்றுக் குறைவு. 175-க்கும் 225-க்கும் இடையில் வந்தால் கவலை இல்லை.

இதில் தேறியதும் நிறுத்திவிடாதே. உன் நிரலில் குலுக்கல் எண்ணிக்கை 200-க்குப் பதில் 100 என்று இருக்கிறது. இந்தப் பிழையை மேலே சொன்ன சோதனை பிடிக்கவே பிடிக்காது. கூட்டம் பெரிதோ சிறிதோ, பரவும் நிகழ்தகவு அதே 0.2தான். பிடித்துக்கொடுப்பது ஹெட்டிரோசைகஸ் விகிதம், அதாவது இரண்டு வெவ்வேறு அல்லீல்களைச் சுமக்கும் உயிரிகளின் பங்கு. தொடக்கத்தில் அது 2 × 0.2 × 0.8 = 0.32. ஒவ்வொரு தலைமுறையிலும் அதில் 200-இல் ஒரு பங்கு கரையும். 100 தலைமுறை கழித்து 0.194 மிஞ்சவேண்டும், உன் நிரலில் 0.117தான் மிஞ்சும். சராசரி எடுக்கும்போது முடிந்துபோன ஓட்டங்களையும் பூஜ்யமாகச் சேர்த்துக்கொள். அவற்றை விட்டுவிட்டால் எண் உப்பிப்போகும்.

பிறகு தேர்வைப் போடு. குலுக்கலுக்கு முன் விகிதத்தை அந்த அல்லீலின் சராசரித் தகுதியால் (சந்ததி விடும் திறனால்) பெருக்கி, கூட்டத்தின் சராசரித் தகுதியால் வகுக்கவேண்டும். அந்த அல்லீலின் இரண்டு பிரதி, ஒரு பிரதி உள்ளவை, ஒன்றுமே இல்லாதவை ஆகியவற்றின் தகுதிகள் முறையே 1.02, 1.01, 1 என்றால் 0.2 என்பது 0.2 × 1.012 ÷ 1.004, அதாவது 0.2016 ஆகும். வகுக்க மறந்தால் 0.2024, உயர்வு ஒன்றரை மடங்காகிவிடுகிறது. விகிதம் 1-ஐ நெருங்கும்போது நிகழ்தகவு 1-ஐத் தாண்டி நிரல் நின்றுவிடும். அப்படி நின்றால் நல்லதுதான். '1-ஐத் தாண்டினால் 1' என்று ஒரு வரி போட்டு அதன் வாயை அடைப்பவர்கள்தான் தவறான விடையோடு போகிறார்கள்.

அனுகூலமான திடீர்மாற்றம்கூடப் பெரும்பாலும் தொலைந்தே போகும். ஒற்றைப் பிரதியில் 0.01 அனுகூலம் என்றால் பெரிய கூட்டத்தில் அது பரவும் வாய்ப்பு ஏறக்குறைய 0.02, மரபியலாளர் ஹால்டேன் 1927-இலேயே காட்டிய கணக்கு இது. 100 ஓட்டத்தில் இரண்டோ ஒன்றோ தேறும், ஒன்றுமே தேறாமலும் போகலாம். குறைந்தது 5000 ஓட்டம் வை. இன்னொன்று: சிலர் இரண்டு பிரதியும் உள்ள உயிரியின் அனுகூலத்தை 0.01 என்பார்கள். அப்போது விடை பாதியாகும். சூத்திரத்தை எடுக்குமுன் எதை அளக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்.

கூட்டத்தின் அளவு மாறினால் சாதாரணச் சராசரி உதவாது, இசைச் சராசரி (தலைகீழ்களின் சராசரியின் தலைகீழ்) எடுக்கவேண்டும். 1000, 1000, 1000, 10 என்று நான்கு தலைமுறை போனால், பயனுறு அளவு, அதாவது இதே வேகத்தில் தற்செயலாக மாறும் நிலையான கூட்டத்தின் அளவு, 752.5 அல்ல, சுமார் 39. ஒரே ஒரு வறட்சித் தலைமுறை மற்ற மூன்றையும் விழுங்கிவிடுகிறது.

சரிபார்க்க ஒரு நிஜத் தரவு தருகிறேன். பீட்டர் பூரி என்ற ஆய்வாளர் 1956-இல் வெளியிட்டது: 107 பழ ஈக் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண், தொடக்க விகிதம் 0.5. 19 தலைமுறை முடிவில் 30 கூட்டங்களில் அல்லீல் தொலைந்திருந்தது, 28-இல் முழுக்கப் பரவியிருந்தது. கூட்டத்தின் அளவை 16 என்று போட்டு 107 முறை ஓட்டினால் இந்த 58-இல் பாதிகூட உனக்கு வராது. எல்லா ஈயும் ஒரே அளவில் குஞ்சு பொரிப்பதில்லை. அதனால் பயனுறு அளவு 16-ஐவிடக் குறைவு. அந்த 16-ஐ ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வா. எந்த இடத்தில் 58 கிடைக்கிறது என்று எனக்கு எழுது.

அம்மா