லால் திகிக் கரையிலிருந்து

அன்புள்ள நண்பா,

மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றாமலே நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிம்மதியாச்சு. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி எங்களைவிட நன்றாக வங்காளம் பேசுகிறாள். கல்கத்தாவில் எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டிருந்தாயே, பதில் கொஞ்சம் நீளம்.

பாதி நாள் டல்ஹௌசி சதுக்கத்தில்தான் இருக்கிறேன். நடுவில் லால் திகி என்ற பெரிய குளம். வடக்குக் கரை முழுக்க ரைட்டர்ஸ் பில்டிங், செக்கச்செவேல் என்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாக்களுக்காக 1777-ல் கட்ட ஆரம்பித்தது. பிற்காலத்தில் மாநிலத் தலைமைச் செயலகமே அதுதான். 2013-ல் பழுது பார்க்க வேண்டும் என்று செயலகத்தை ஹவுராவுக்கு மாற்றினார்கள்.

மேற்கே வெள்ளைக் குவிமாடத்தோடு பெரிய தபால் நிலையம். அந்தப் பக்கம்தான் கம்பெனியின் பழைய கோட்டை இருந்தது. கோட்டை எதுவரை நின்றது என்று காட்ட, தபால் நிலையப் படிக்கட்டில் பித்தளைக் கோடு பதித்திருக்கிறார்கள். தபால் வேலையாக வருகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள். 1756 ஜூனில் வங்காள நவாப் சிராஜ் உத்தௌலா பிடித்த கோட்டை அது. பிடிபட்ட 146 பேரை ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள், காலையில் 23 பேர்தான் மிஞ்சினார்கள் என்று அதில் தப்பிய கம்பெனி அதிகாரி ஹால்வெல் எழுதிவைத்ததை நாம் பள்ளியில் 'இருட்டறை' என்று படித்தோம் அல்லவா? அந்த எண்ணிக்கை ரொம்பவே மிகை என்பது பின்னால் வந்த ஆய்வாளர்களின் முடிவு. ஆனாலும் கர்சன் பிரபு 1902-ல் சதுக்கத்திலேயே அதற்குப் பளிங்குத் தூண் நிறுத்தினார். அதை எடுக்கச் சொல்லி 1940-ல் சுபாஷ் போஸ் போராட்டம் அறிவித்தார். அவரைக் கைது செய்தார்கள். ஆனால் தூணும் போய்விட்டது. இப்போது பக்கத்துப் புனித ஜான் தேவாலய வளாகத்தில் நிற்கிறது.

அதே வளாகத்தில், கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை. அந்தக் கல் உன் ஊர்க் கல்லப்பா! பல்லாவரம் பாறை. 1893-ல் ஹாலந்து என்ற நிலவியலாளர் அதை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். தொட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று இருக்கிறது.

சரி, என் ஆதங்கத்துக்கு வருகிறேன். சதுக்கத்தின் இன்றைய பெயர் பி.பி.டி. பாக். பினய் பாசு, பாதல் குப்தா, தினேஷ் குப்தா என்ற மூன்று விடுதலைப் போராளிகளுடைய பெயர்களின் முதலெழுத்துகள். 1930 டிசம்பர் 8 அன்று கோட்டும் சூட்டுமாக ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள் நுழைந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டார்கள். அரசியல் கைதிகளைக் கொடுமைப்படுத்தியவர் என்று பேர் வாங்கியவர் அவர். வராந்தாவிலேயே போலீஸோடு துப்பாக்கிச் சண்டை. பாதல் சயனைடு விழுங்கி அங்கேயே இறந்தான். பினய் தன்னையே சுட்டுக்கொண்டு, சில நாளில் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். தினேஷ் பிழைத்தான், 1931 ஜூலை 7-ல் தூக்கில் போட்டார்கள். பினய் 22 வயது மருத்துவ மாணவன். மற்ற இருவருக்கும் இருபதுகூட ஆகவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்கிவிட்டார்களே என்றுதான் என் மனம் ஆறவில்லை. பஸ் கண்டக்டர் இன்னும் 'டல்ஹௌசி, டல்ஹௌசி' என்றுதான் கூவுகிறார். நானும் இந்தக் கடிதத்தில் அப்படித்தான் ஆரம்பித்தேன், உனக்குப் புரியட்டும் என்று. டல்ஹௌசி முழுப் பெயரோடு வாழ்கிறார். நாடு பிடித்த கவர்னர் ஜெனரலுக்குக் கிடைத்தது இந்தப் பையன்களுக்குக் கிடைக்க வேண்டாமா? பலகையில் மூன்று பெயரையும் முழுசாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வங்காளத்தில் பிழை திருத்தித் தர மருமகன் ஒப்புக்கொண்டான்.

டிசம்பரில் குளிர் இதமாக இருக்கும். மூட்டு ஒத்துழைத்தால் கோரமண்டலில் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். கீழ் பர்த் கேட்டு இப்போதே முன்பதிவு செய்துவிடு. தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்