அக்காவுக்கு, நாலு மாசம் கழித்து

நியூகாசில்
நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. "ஏலே, உயிரோடதான் இருக்கியா?" என்று ஒரு வரி, அதற்குக் கீழே அப்பாவின் மாத்திரைச் சீட்டு நகல். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தினமும் டூட்டி முடிந்து வந்ததும், நாளைக்கு எழுதலாம் என்று படுத்துவிடுவேன். அப்படியே நாலு மாசம் ஓடிவிட்டது. இதற்கு இங்கிலீஷில் ஒரு பெரிய சொல் இருக்கிறது, புரோகிராஸ்டினேட். நடுவில் ஒளிந்திருக்கிற 'கிராஸ்' லத்தீனில் நாளை. நாளைக்குத் தள்ளுவதுதான் மொத்தச் சொல்லும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ஆச்சி. எண்பது வயசு, லத்தீன் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்தால்கூட 'சால்வே' என்று லத்தீனில்தான் வணக்கம் சொல்லுவாள். பூனையைத் திட்டுவதும் லத்தீனில்தான். நான் ஆச்சி என்று கூப்பிடுவதை டீச்சர் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும். எனக்கு ஹீட்டர் சூடு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் என் அறையில் போடுவதில்லை. சாயங்காலம் அவள் சமையலறையில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

இங்கிலீஷ் பரீட்சைக்காக நான் தினம் இருபது சொல் உருப்போடுவதைப் பார்த்து, ஆச்சி அந்த நோட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். 'லோகுவி' என்றால் பேசுவது. அதிலிருந்து லோகுவேசியஸ், வாயாடி. எலோகுவென்ட், நாவன்மை உள்ளவர். சொலிலகுவி, தனக்குத் தானே பேசிக்கொள்வது. ஒன்றைப் பிடித்தால் மூன்றும் சேர்ந்து வருகிறது. உதாரணம் கேட்டாள். வாயாடிக்கு யோசிக்காமல் கீழவீட்டு அத்தையைச் சொன்னேன். நாவன்மைக்கு நம்ம தமிழ் ஐயா. மூன்றாவதுக்கு யாரும் ஞாபகம் வரவில்லை என்றேன்.

'டிரிவியல்' என்பது மூன்று தெரு கூடுகிற இடத்திலிருந்து வந்ததாம். நம்ம முக்கு டீக்கடைப் பேச்சுதான். 'சாலரி'யில் இருப்பது உப்பு. சம்பளத்தில் 'அளம்' என்றால் உப்பு என்று ஐயா சொல்வாரே, அதை நான் சொன்னதும் ஆச்சி எழுதி வைத்துக்கொண்டாள். காமநாயக்கன்பட்டியில் இருந்த வீரமாமுனிவர் 1730இல் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர் என்று சொன்ன அன்றைக்கு, பிஸ்கட் டப்பாவையே என் பக்கம் தள்ளிவிட்டாள்.

சீட்டு விஷயம். பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, ஏ.சி. என்றால் 'ஆன்ட்டே சிபும்', சாப்பாட்டுக்கு முன்னால். காலேஜில் இதையெல்லாம் எழுத்தாகத்தான் மனப்பாடம் செய்தேன், லத்தீன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஏ.சி. என்று போட்டிருப்பதால் குளிர்ச்சியில் இருக்கட்டும் என்று அம்மா அந்த மாத்திரையைச் சின்ன மாமா வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள் என்று ஓரத்தில் பொடியாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்து ஆச்சியும் நானும் சிரித்த சிரிப்பில் பூனை ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் காரில் வின்டொலாண்டாவுக்குக் கூட்டிப்போனாள். ரோமாபுரிப் பட்டாளம் இருந்த கோட்டை. ஓலை மாதிரி மெல்லிய மரச் சீவலில் அவர்கள் மையால் எழுதிய கடிதங்களை 1973 முதல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,900 வருஷம் பழசு. ஒன்றில் காலுறை, இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு ஜட்டி அனுப்பிய கணக்கு இருக்கிறது. இன்னொன்றில் ஒருவன், எனக்கு ஒரு கடிதம்கூடப் போடாத பாசமில்லாதவனே என்று சகோதரனைத் திட்டுகிறான். உன் ஒரு வரியை ஆச்சிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறாள்.

அங்கே சுற்றிலும் வெட்டவெளி, காதை அறுக்கிற காற்று, ஆட்டு மந்தை. ஈரப் புல்லில் ஆட்டுப் புழுக்கை வாசனை. கன்னடியன் கால்வாய்ப் பக்கம் கிடை போட்ட மறுநாள் காலையில் நம்ம வயல் அடிக்குமே, அதே வாசனை அக்கா. அப்பா வரப்பில் நின்றுகொண்டு கிடைக்காரரிடம் பேசுவது கேட்கிற மாதிரி இருந்தது. ஆச்சி காருக்குள் பிளாஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்தே கொஞ்ச நேரம் இருந்தேன்.

சரி, வயல் என்றதும்தான். 'மார்ட்கேஜ்' என்றால் செத்த அடமானம் என்று ஆச்சி சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தை பிறந்தால் ஒத்திக் கெடு முடிகிறது. மேலத்தெரு பெரியப்பாவிடம் சித்திரை வரை பொறுக்கச் சொல்லி அத்தானைப் பேசச் சொல்லு. அப்பா போகவேண்டாம், அவர் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவார். பிசான நெல் விளைச்சலையும் பெரியப்பாவே வைத்துக்கொள்ளட்டும், அதில் நாம் வாய் திறக்கவேண்டாம். பணம் இல்லாமல் இல்லை, பரீட்சையை இன்னொரு தடவை எழுதலாம் என்று பார்க்கிறேன். மற்றதெல்லாம் ஏழுக்கு மேல். எழுத்தில் மட்டும் ஆறரை வேண்டிய இடத்தில் ஆறு. பெரிய பெரிய சொல்லாகத் திணித்ததுதான் கோளாறு என்கிறாள் ஆச்சி. சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்! அப்பாவிடம் தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொல்லு.

பார்சலில் காலுறை வேண்டாம், இங்கே மலிவு. கூழ்வத்தல் போடு, உறைப்பு கொஞ்சம் தூக்கலாக. அப்புறம் அந்த மாத்திரையை இன்றைக்கே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் அப்பாவுக்குக் கொடு.

உன் தம்பி